சுவிஸ் சிட்டிசன்சிப்புக்கு அண்ணன்ட பிறப்புச் சான்றிதழ் கேட்கிறாங்க, அதில அப்பாட பேரே இல்ல. என்ன செய்யலாம்?

களுதாவளை_தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், முழுசாச் சொல்லாட்டி விளங்காது.

எங்கட மூத்த அண்ணன் 2009 இல சுவிஸுக்குப் போனவர். இப்ப பேர்ண் பக்கம் இருக்கார், ரெஸ்டோரண்ட் கிச்சின்ல வேல, கலியாணம் கட்டி ரெண்டு புள்ளைகள், ரெண்டும் அங்கதான் பிறந்தது. இவ்வளவு காலமும் சும்மா இருந்திட்டு இப்பதான் சிட்டிசன்சிப்புக்குப் போடப்போறன் எண்டு வெளிக்கிட்டிருக்கார். அங்க சிவில் பதிவு ஒபிஸ்ல முதல்ல இவர்ட விபரத்த அவங்கட கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம், அதுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேணுமாம், அதுவும் பழைய கொப்பி சரிவராது, ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணுமாம். சரி எண்டு நான் பிரதேச செயலகத்தில போய் எடுத்தன், கையில வாங்கிப் பார்த்தா தகப்பன்ட பேர் எழுதுற கூட்டுல ஒரு கோடு மட்டும் இழுத்துக் கிடக்கு. அதுக்குக் கீழ "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா" எண்ட இடத்தில "இல்லை" எண்டு சாய்ச்செழுத்தில எழுதியிருக்கு.

அம்மாட்டக் கேட்டா, அவங்க ரெண்டு பேரும் படுவான்கரையில (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) இருக்கிற கொக்கட்டிச்சோலைக் கோயில்ல தாலி கட்டினவங்க, பதிவு எண்டு ஒண்டும் அப்ப செய்யல்லயாம். "அந்தக் காலத்தில படுவான்கரையில ஆரு கா பதிஞ்சது" எண்டு என்னையே திருப்பிக் கேட்கிறா. அண்ணன் பிறந்தது 1984. மறுகா அப்பாக்கு கூட்டுறவுச் சங்கத்தில வேல கிடைச்சு, அங்க கேட்டதால 1988 இல விவாகப் பதிவு செஞ்சிருக்காங்க. அதுக்குப் பிறகு பிறந்த எனக்கும் தம்பிக்கும் அப்பா பேர் வடிவா இருக்கு, அண்ணனுக்கு மட்டும்தான் இந்தக் கோடு. அப்பா 2011 இல மோசம் போயிட்டார்.

அண்ணன் சுவிஸுல முதல் அகதி விசாரணையிலயே அப்பா பேர் இதுதான் எண்டு குடுத்திருக்கார். அடையாள அட்டை, பாஸ்போட் எல்லாத்திலயும் அப்பா பேர்தான் முன்னுக்கு. இது காணாதெண்டு அண்ணன்ட பேர்ட இங்கிலீஷ் எழுத்தும் பாஸ்போட்டுல ஒரு மாதிரி, சுவிஸ் கார்ட்டுல ஒரு மாதிரி.

இதுக்குள்ள தெரிஞ்ச ஒராள் வந்து "அப்பா பேரோட புதுசா ஒண்டு எடுத்துத் தாறன், அறுபதாயிரம் தாங்க, ஒரு கிழமையில கையில இருக்கும்" எண்டு சொல்றார். அண்ணனுக்கு ஓம் எண்டுதான் மனம், எனக்குப் பயமா இருக்கு.

இன்னொரு கேள்வியும் இருக்கு, இது அம்மாட. அண்ணன் காசனுப்பி அவர்ட பேர்ல உன்னிச்சைக் குளத்துப் பாய்ச்சல்ல ரெண்டு ஏக்கர் வயல் வாங்கினவர். அவன் சுவிஸ்காரன் ஆயிட்டா வயல கவுமெந்து எடுத்திரும் எண்டு ஆரோ கோயிலடியில சொல்லிப்போட்டாங்க, அதிலருந்து அம்மா சோறும் ஒழுங்காத் தின்னுறா இல்ல. தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.


ஆரேக்கரை_ஆரையம்பதியான்:

தங்கச்சி, நானும் பேர்ண்தான், ஊர் ஆரையம்பதி. 2021 இல எனக்குக் கிடைச்சது, அதனால சொல்றன். கடதாசிக்கு முதல் அண்ணன்ட வருசக் கணக்கச் சரியா சொல்லுங்க, ஏனெண்டா நம்மட ஆக்கள் முக்கால்வாசிப் பேர் தடக்குப்படுறது அங்கதான். 2009 இல போனவர், பதினாறு வருசமாச்சு, பத்து வருசம்தானே கேட்கிறாங்க எண்டு நினைக்கிற, ஆனா அப்பிடி இல்ல. 2018 ஜனவரியிலருந்து புதுச் சட்டம். முந்தி பன்னிரண்டு வருசம் கேட்டது பத்தாக் குறைஞ்சது உண்மை, ஆனா கையில சி பேர்மிட் (நிரந்தர வதிவிட அனுமதி) இல்லாம விண்ணப்பமே போட ஏலாது, அதோட "என்" (N) எண்ட கார்ட்டுல அசூலுக்கு, அதாவது அகதி முடிவுக்குக் காத்துக் கிடந்த காலத்த ஒரு நாளும் எண்ண மாட்டாங்க. "எப்" (F) கார்ட்டுல, அதாவது தற்காலிகமா இருக்க விட்ட காலம் பாதி. வதிவிட அனுமதியான பி யும் சி யும் மட்டும்தான் முழுசா. அண்ணன் எந்த வருசம் எந்தக் கார்ட்டுல இருந்தவர்?


களுதாவளை_தங்கச்சி:

கேட்டன் அண்ணா. 2009 லருந்து 2012 வரைக்கும் என். 2012 இல எப். 2017 இல பி கிடைச்சது. சி போன வருசத்துக்கு முதல் வருசம்.


ஆரேக்கரை_ஆரையம்பதியான்:

அப்ப பாருங்க. என் மூண்டு வருசம் பூச்சியம். எப் அஞ்சு வருசம், பாதி எண்டா ரெண்டரை. 2017 லருந்து 2025 வரைக்கும் எட்டு. மொத்தம் பத்தரை. பதினாறு வருசம் அந்த நாட்டுல கோப்பை கழுவினதுக்கு சட்டத்தின்ர கண்ணுக்குத் தெரியிறது பத்தரை. ஆனா தேறிட்டார், நல்ல விசயம். போன வருசம் போட்டிருந்தா காசும் வாங்கிட்டு இல்லை எண்டு சொல்லியிருப்பாங்க.

அடுத்தது சோசியல் காசு. பொதுச் சட்டத்தில விண்ணப்பம் போடுறதுக்கு முந்தின மூண்டு வருசம் சோசியல் உதவி எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருந்தா திருப்பிக் கட்டியிருக்கணும். ஆனா கன்டோன் (மாகாணம் மாதிரி) அதுக்கு மேலயும் கேட்கலாம், நம்மட பேர்ண் கேட்குது, பத்து வருசம். 2013 இல சனம் வோட்டுப் போட்டு அப்பிடி ஆக்கினது. என் கார்ட் எப் கார்ட் காலத்தில நம்மட ஆக்கள் ஆருதான் அந்தக் காசு எடுக்காம இருந்தது, வேல செய்ய விடாம வச்சிருந்திட்டு ஏன் காசு எடுத்தாய் எண்டு கேட்டா என்ன நியாயம் எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல, ஆனா கேட்பாங்க. கடைசியா எந்த மாசம் எடுத்தவர் எண்டு சோசியல் ஒபிஸ்ல ஒரு கடிதம் இப்பவே எடுத்து வைக்கச் சொல்லுங்க.

பாசை: பேச்சு பி1 தரம், எழுத்து ஏ2 தரம். சோதனை எழுதிச் சான்றிதழ் காட்டணும். அண்ணன் கிச்சின்ல தமிழாக்களோடயே நிக்கிறவர் எண்டா இதுக்குத்தான் ஆறு மாசம் வேணும், மற்றதெல்லாம் பாடமாக்கலாம். இருபத்தாறு கன்டோன், மேல ஏழு பேர் இருக்கிற அரசாங்கம், ஆகஸ்ட் 1 தேசிய நாள், 1291 ஆம் ஆண்டுக் கதை எல்லாம் ரெண்டு கிழமையில வரும். பேச்சு வராது. எனக்குக் கெமைண்டேல (ஊர்ச் சபையில) கேட்டது இதெல்லாத்தையும் விட்டுட்டு, உங்கட பில்டிங்கில கீழ்வீட்டுல இருக்கிற ஆள்ட பேர் என்ன, குப்பை பைக்கு ஏன் காசு குடுத்து ஸ்டிக்கர் ஒட்டுறம், இப்பிடி. மூண்டு பேர் இருந்தாங்க, ஒரு மனிசி நான் சொன்ன ஒவ்வொண்டையும் பென்சிலால எழுதிக்கொண்டே இருந்தா, தலை நிமிரவே இல்ல.

கெமைண்டே, கன்டோன், மத்திய அரசாங்கம் மூண்டு படி. கெமைண்டேக்குக் கெமைண்டே ஒவ்வொரு மாதிரி. சில இடத்தில இப்பவும் ஊர்க்கூட்டம் கூடிக் கை உயர்த்துறாங்க. முந்தி லுசேர்ண் பக்கம் எம்மன் எண்ட ஊர்ல படத்தையும் விபரத்தையும் அச்சடிச்சு வீடு வீடா அனுப்பி வாக்கெடுப்பு நடத்தினவங்க, இத்தாலிக்காரருக்கு ஓம், யூகோஸ்லாவியாக்காரருக்கு இல்லை எண்டு வந்தது, 2003 இல உச்ச நீதிமன்றம்தான் பெட்டியில வோட்டுப் போட்டு முடிவெடுக்கிறது சரிவராது, மறுத்தா காரணம் சொல்லணும் எண்டு நிப்பாட்டினது.

இன்னொண்டு. அண்ணன் எடுத்தா அண்ணியும் தானா வருவா எண்டு நினைக்காதீங்க. சுவிஸ்காரனக் கட்டினாத்தான் மனிசிக்கு லேசான வழி. கலியாணத்துக்குப் பிறகு புருசன் சாதாரண வழியால சிட்டிசன் ஆனா மனிசிக்கு அந்த லேசான வழி இல்ல, அவவும் தன்ட பத்து வருசத்த நிரப்பித்தான் வரணும். புள்ளைகள மட்டும் அண்ணன்ட விண்ணப்பத்திலயே சேர்க்கலாம். அங்க பிறந்ததால அதுகள் சுவிஸ் இல்ல, அந்த நாட்டுல பிறந்தா உரிமை எண்டு ஒண்டு கிடையாது.


வெளிநாடு_மச்சான்:

அறுபதாயிரம் தானே, குடுத்து எடுங்க. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற. பொய் பேரா போடுறீங்க? சொந்த அப்பாட பேர்தானே. நியாயமா நடந்து முடிய அண்ணனுக்குப் பென்சன் வயசு வந்திரும் 😂


பழைய_பதிவாளர்:

மச்சான் எண்டு பேர் வச்சிருக்கிறவர் கொஞ்சம் பொறுங்க. மகள், இத முழுசா வாசியுங்க. நான் அம்பாறை மாவட்டத்திலயும் மட்டக்களப்பிலயும் பதிவுக் கிளையில வேல செஞ்சு பென்சனுக்கு வந்தவன்.

பிறப்புச் சான்றிதழ் எண்டு நீங்க கையில வச்சிருக்கிறது ஒரு பிரதிதான். உண்மையான சாமான் பதிவுப் புத்தகம். அந்தப் பிரதியில ஒரு நம்பரும் பதிஞ்ச திகதியும் இருக்கு பாருங்க, அந்த நம்பருக்குப் புத்தகத்தில கோடு இருக்கும் வரைக்கும் ஆர் என்ன அச்சடிச்சுத் தந்தாலும் அது கள்ளக் கடதாசி. வெளிநாட்டுத் தூதரகம் சந்தேகப்பட்டு விசாரிச்சா அவங்க பார்க்கிறது உங்கட கையில இருக்கிறத இல்ல, புத்தகத்த. சொந்த அப்பாட பேர் எண்டது உண்மைதான், ஆனா உண்மையான பேரக் கள்ளக் கடதாசியில போட்டா அந்தப் பேரும் கள்ளமாகிரும்.

உங்கட அம்மா அப்பா பிறகு சட்டப்படி கலியாணம் பதிஞ்சிருக்காங்க, அதுதான் உங்களுக்குக் கிடைச்ச பெரிய காரியம். நம்மட சட்டத்தில தாய் தகப்பன் பின்னால விவாகம் முடிச்சா முந்திப் பிறந்த புள்ளையும் சட்டபூர்வமான புள்ளையாகும். அத வச்சுத் தகப்பன்ட விபரம் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். முதல்ல 1988 விவாகப் பதிவின்ர புதுப் பிரதி ஒண்டு எடுங்க. அப்பாட மரணச் சான்றிதழும் எடுங்க. அம்மா உயிரோட இருக்கிறா, அவட சத்தியக்கடதாசி முக்கியம். தகப்பன் இருந்தா அவர் வந்து கையெழுத்து வச்சு லேசா முடிஞ்சிருக்கும், இல்லாதபடியா இவர்தான் தகப்பன் எண்டதுக்குப் பழைய எழுத்து ஏதாவது காட்டணும். இப்ப எழுதி வாங்கிற கடிதத்த விட அந்தக் காலத்தில எழுதினதுக்குத்தான் மதிப்பு. அண்ணன் முதல் சேர்ந்த பள்ளிக்கூடத்தில சேர்வு இடாப்பு இருக்கும், அதில தகப்பன் பேர், தொழில் எல்லாம் எழுதியிருப்பாங்க, அதிபரிட்டக் கேட்டு உறுதிப்படுத்தின பிரதி எடுங்க. கூட்டுறவுச் சங்கத்தில அப்பாட பைலில ஈ.பி.எப். படிவத்தில பின்னுரித்தாளி எண்டு மனிசி புள்ளைகள்ட பேர் எழுதியிருப்பார், அது கிடைச்சா அந்த மாதிரி. பழைய வாக்காளர் இடாப்பு, கிராம சேவகர்ட கடிதம் பிரதேச செயலாளர் ஒப்பமிட்டது, இதுகளும் கூட வையுங்க. ரெஜிஸ்டாருக்குத் திருப்தி வராட்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுவாங்க, போனாலும் ஒண்டும் இல்ல, கோட்டுக் கட்டளையோட வந்தா மறுக்க ஏலாது.

1990 சண்டையிலயும் சுனாமியிலயும் இந்தக் கரையில எத்தனை குடும்பத்தின்ர கடதாசி போனது எண்டு எனக்குத் தெரியும். முகாமுக்கு நடமாடும் சேவை போட்டு மேசையக் கொண்டுபோய் வச்சு எழுதினம். அவசரத்தில பிழையும் விட்டிருக்கம், அத நான் மறைக்கல்ல. உங்கட அண்ணன்ட அந்தப் பிழை இல்ல, அந்த நேரத்துச் சட்டப்படி எழுதுறவர் சரியாத்தான் எழுதியிருக்கார்.

ஒண்டு சொல்லிட்டுப் போறன். சுவிஸ்காரன் பேப்பர் கேட்கிறான் எண்டு கோவிக்கிறம், 1948 இல நம்மட நாடு மலையகத்தாக்களிட்ட என்ன கேட்டது? தகப்பன் இந்த நாட்டுல பிறந்தவர் எண்டு காட்டு, இல்லாட்டி பாட்டனும் பூட்டனும் இங்க பிறந்தவங்க எண்டு காட்டு. தோட்டத்தில லயத்துல பிறந்தவனுக்கு ஆர் சான்றிதழ் எழுதினது? லட்சக்கணக்கான சனம் நாடில்லாம நிண்டது. 1964 இல சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதிப் பிரிச்சாங்க, மிச்சம் இருந்தாக்களுக்கு 2003 சட்டத்தோடதான் முடிவு வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு இஞ்சால வந்து குடியேறின குடும்பங்கள் பிரஜாவுரிமைச் சான்றிதழ பொலித்தீன் பையில சுத்தி அரிசிப் பெட்டிக்குள்ள வச்சிருந்து கொண்டு வந்து காட்டுவாங்க, விரிக்கவே பயப்படுவாங்க.


ஆரேக்கரை_ஆரையம்பதியான்:

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. வெளிநாடு_மச்சானுக்கு ஒண்டு: சுவிஸ் சிட்டிசன்சிப் குடுத்த பிறகும் பொய் சொல்லி எடுத்தது எண்டு தெரிஞ்சா எட்டு வருசம் வரைக்கும் அவங்க அத ரத்துச் செய்யலாம். எட்டு வருசம் கதவத் தட்டுற சத்தம் கேட்கேக்க எல்லாம் நெஞ்சு அடிச்சுக்கொண்டு இருக்கணுமா?

தங்கச்சி, அங்கால நடக்கிறது எப்பிடியும் இழுபடும், அதுக்குள்ள அண்ணன் சிவில் ஒபிஸ்ல போய் உள்ளதச் சொல்லட்டும். அப்பா பேர் பதிவில இல்ல, பெற்றோர் பின்னால கலியாணம் பதிஞ்சவங்க, திருத்தத்துக்குக் குடுத்திருக்கு எண்டு. அவங்களுக்கு முரண்பாடு புதுசில்ல, மறைச்சாத்தான் பிரச்சினை. கடதாசி எடுக்கவே வழியில்ல எண்டு காட்டினா அதிகாரிக்கு முன்னால சத்தியம் செஞ்சு விபரம் பதியிற வழி ஒண்டும் சுவிஸ் சிவில் சட்டத்தில இருக்கு, 41 ஆம் பிரிவு. ஆனா அது எடுக்க ஏலாத ஆக்களுக்கு, எரிஞ்சு போனது, நாடே இல்லாம போனது எண்டு. உங்கட கேசில எடுக்க ஏலும் எண்டபடியா முதல்ல எடுக்கத்தான் சொல்லுவாங்க. பேர் எழுத்து வித்தியாசத்துக்கு ரெண்டும் ஒராள்தான் எண்டு ஒரு சத்தியக்கடதாசி காணும், ஆனா மறுகா புதுசா எடுக்கிற ஒவ்வொரு கடதாசியிலயும் பாஸ்போட்டுல உள்ள எழுத்தையே போடச் சொல்லுங்க, மொழிபெயர்க்கிறவரிட்டயும் அத எழுதிக் குடுங்க, சும்மா விட்டா அவர் மூண்டாவதா ஒரு எழுத்துப் போட்டுருவார். நடந்திருக்கு!


நானா_அக்கரைப்பத்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் லண்டன். தங்கச்சிட கேள்விக்கு நேரடிப் பதில் இல்ல, ஆனா சுவிஸ்ல மட்டும்தான் கரச்சல் எண்டு நினைச்சுராதீங்க. இங்க சிட்டிசன்சிப்புக்கு ஒரு சோதனை, 24 கேள்வி, 18 சரியா இரிக்கணும், அம்பது பவுண் கட்டி எழுதுற. அது லேசு. லேசில்லாதது காசும் கணக்கும். விண்ணப்பத்துக்கு மட்டும் ஆயிரத்து அறநூறு பவுணுக்கு மேல, புள்ளைகளுக்கு வேற. அஞ்சு வருசத்தில 450 நாளுக்கு மேல நாட்ட விட்டு வெளிய நிண்டிருக்கக் கூடாது, கடைசி வருசத்தில 90 நாள். எங்கட உம்மாக்கு வருத்தம் எண்டு ஊருக்கு வந்து நாலு மாசம் நிண்டன், அப்ப ஆர் நாள் எண்ணினது? பிறகு உட்கார்ந்து பாஸ்போட் சீல் ஒவ்வொண்டாப் பார்த்துக் கூட்டி, ஒரு வருசம் பிந்தித்தான் போட்டன்.

2025 பெப்ரவரியிலருந்து இன்னொண்டு. கள்ளத்தனமா நாட்டுக்குள்ள வந்த ஆக்கள் எத்தனை வருசம் போனாலும் சிட்டிசன்சிப்புக்குப் போட்டா பொதுவா மறுக்கிற எண்டு விதிய மாத்திட்டாங்க. லொறியில வந்து அகதியா ஏத்துக்கொள்ளப்பட்டு வரியும் கட்டிப் புள்ளையும் வளர்க்கிற ஆக்கள் இரிக்காங்க, அவங்களுக்குக் கதவ மூடின மாதிரித்தான். அண்ணனுக்கு இப்ப தேறுது எண்டா பிந்தாம போடச் சொல்லுங்க, சட்டம் எப்பவும் நம்மட பக்கம் மாறுறதில்ல.


திருக்கோவில்_காத்து:

நானா சொன்னது சரி. என்ட கூட்டாளிமார் 2012 இல இந்தக் கரையிலருந்து போட்ல ஒஸ்ரேலியா போனவங்க. தற்காலிக விசாவிலயே பத்து வருசம். 2023 பெப்ரவரியிலதான் அந்த விசாக்காரர நிரந்தரமா மாத்திற முடிவு வந்தது. நிரந்தர விசா கிடைச்சு ஒரு வருசம் முடிஞ்சாத்தான் சிட்டிசன்சிப் கேட்கலாம். கேஸ் மறுத்த ஆக்களுக்கு அதுவும் இல்ல, இன்னும் பிரிட்ஜிங் விசாவில (முடிவு வரும் வரைக்கும் குடுக்கிற இடைக்கால விசா) நிக்கிறாங்க, இஞ்ச தாய் செத்தும் வர ஏலாது.


வட்டவிதானைட_பேரன்:

வயல் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல. அக்கா, முதல் விசயம், வயல் உறுதிக் காணியா பேர்மிட் காணியா? உன்னிச்சைப் பாய்ச்சல்ல ரெண்டும் இருக்கு.

உறுதி எண்டா அம்மாவ நிம்மதியாச் சாப்பிடச் சொல்லுங்க. 2014 இல வந்த 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக்காரனுக்குப் புதுசாக் காணி மாத்திக் குடுக்கிறதத்தான் தடுக்குது, ஏற்கனவே அண்ணன்ட பேர்ல இருக்கிறத அந்தச் சட்டம் பறிக்காது. நாளைக்கு அம்மா வீட்ட அண்ணனுக்கு எழுதினாலும், நெருங்கின உறவுக்கு நன்கொடையாவோ மரணசாதனத்தாலயோ வாறதுக்கு விலக்கு இருக்கு. (நம்மட ஊர்ல வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான் எண்டு உங்களுக்குத் தெரியும், அண்ணன் கேட்கவும் மாட்டார்.) ஆனா அவர் பிறகு பக்கத்து வயல் துண்டையும் வாங்குவம் எண்டு வந்தா ஏலாது, அதுக்கு இரட்டைக் குடியுரிமை வேணும். இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு அந்தத் தடை இல்ல.

பேர்மிட் எண்டா கதை வேற. அது அரச காணி, இந்த நாட்டுப் பிரஜைக்குப் பயிர்செய்யக் குடுத்தது, பிரதேச செயலாளர்ட அனுமதி இல்லாம வித்தது வாங்கினதே செல்லாது. வெள்ளைக் கடதாசியில எழுதி வாங்கியிருந்தா அண்ணன் சுவிஸ்காரன் ஆகாட்டியும் அது அண்ணன்ட காணி இல்ல. பத்திரத்தப் பாருங்க முதல்ல. இந்தப் பெரும்போகத்துக்கு ஆர் விதைச்சது, வட்டைக் கூட்டத்தில (வயல்காரர் கூட்டம்) ஆர்ட பேர்ல பதிஞ்சது எண்டதையும் பாருங்க.


களுதாவளை_தங்கச்சி:

உறுதிதான் தம்பி! நொத்தாரிசு எழுதினது, காணிப் பதிவகத்திலயும் பதிஞ்சிருக்கு. அம்மாட்ட வாசிச்சுக் காட்டினன், பின்னேரம் புட்டு அவிச்சுத் தின்னுறா.

அப்ப அண்ணன் சுவிஸ் எடுத்தா இலங்கைக் குடியுரிமை தானாப் போயிருமா? இரட்டைக் குடியுரிமைக்கு எப்ப போடணும், முன்னுக்கா பின்னுக்கா?


பழைய_பதிவாளர்:

போயிரும் மகள். சுவிஸ் தன்ட பக்கத்தில ரெண்டு குடியுரிமைய 1992 லருந்து விடுது, போறது நம்மட சட்டத்தால. வேற நாட்டுக் குடியுரிமைய விரும்பி எடுத்த அண்டைக்கே இலங்கைக் குடியுரிமை இல்லாம போகும், ஒருத்தரும் கடிதம் அனுப்ப மாட்டாங்க. அதுக்குப் பிறகும் பழைய பாஸ்போட்டக் காட்டி ஊருக்கு வந்து போறாக்கள் இருக்காங்க, அது குற்றம். சுவிஸ் பாஸ்போட்டுல விசா எடுத்துத்தான் வரணும்.

முன்னுக்கும் போடலாம், பின்னுக்கும் போடலாம். எடுக்க முன்னம் போட்டா இருக்கிறதத் தக்கவைக்கிற, எடுத்த பிறகு போட்டா இழந்தத மீளப் பெறுற. ரெண்டும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்தான், பத்தரமுல்ல. தகுதிக்கு வயசு 55, இல்லாட்டி ஒரு வருசத்துக்குக் குறையாத டிப்ளோமா, இல்லாட்டி இலங்கையில 25 லட்சத்துக்குக் குறையாத சொத்து, இல்லாட்டி வங்கியில நிரந்தர வைப்பு, இப்பிடி ஏதாவது ஒண்டு காணும். உங்கட அண்ணனுக்கு அந்த ரெண்டு ஏக்கரையும் மதிப்பிட்டுக் காட்டலாம். கட்டணம் டொலரில, லேசுப்பட்ட காசில்ல, கட்டுறதுக்கு முதல் திணைக்களத்தின்ர வெப்சைட்டப் பாருங்க. அதுக்கும் பிறப்புச் சான்றிதழ் வேணும், ஆகையால எப்பிடிச் சுத்தி வந்தாலும் அந்தக் கோட்ட அழிக்காம அங்காலப் போக ஏலாது.

இரட்டைக் குடியுரிமை எடுத்தா வோட்டுப் போடலாம், காணி வாங்கலாம், ஆனா பாராளுமன்றத்துக்குப் போக ஏலாது. கீதா குமாரசிங்கவுக்கு 2017 இல எம்.பி. பதவி போனது இந்தச் சுவிஸ் குடியுரிமையாலதான். அரசியலமைப்பின்ர இருபதாவது திருத்தத்தில விட்டாங்க, 2022 இல இருபத்தோராவதில திரும்பவும் மூடிட்டாங்க. அண்ணனுக்கு அந்த எண்ணம் இல்லத்தானே?


களுதாவளை_தங்கச்சி:

அவர் கோயில் தலைவர் பதவிக்கே பயந்து ஓடினவர் ஐயா 😄

எல்லாருக்கும் பெரிய நன்றி. அந்த அறுபதாயிரம் ஆளுக்கு வேணாம் எண்டு சொல்லிட்டன், கொஞ்சம் முறைச்சிட்டுப் போனார். நேத்து அம்மாவக் கூட்டிக்கொண்டு அண்ணன் படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் போனம், படுவான்கரையில உள்ளுக்க இருக்கிற சின்னப் பள்ளி. அதிபர் நல்ல மனிசன், ஒள்ளம் இருங்க எண்டு ஸ்டோர் றூமத் திறந்து தேடினார். 1990 வரைக்கும் இடாப்பு இருக்கு, கறையான் ஓரத்தில தின்னிருக்கு. அண்ணன்ட வரியில தகப்பன் பேர், தொழில் "கமம்" எண்டு, பக்கத்தில அப்பாட கையெழுத்தே இருக்கு. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினன். உறுதிப்படுத்தின பிரதி வலயக் கல்வி அலுவலகத்தால தருவாங்களாம், திங்கட்கிழமை போறன். கூட்டுறவுச் சங்கத்தில அப்பாட பைல் இல்லயாம், தேடுறம் எண்டு சொன்னாங்க, தேடுற மாதிரி தெரியல்ல.

ஐயா, அம்மாட சத்தியக்கடதாசி சமாதான நீதவானிட்ட செஞ்சா காணுமா, இல்லாட்டி சட்டத்தரணியிட்டத்தான் போகணுமா?


பழைய_பதிவாளர்:

சமாதான நீதவான் போதும். ஆனா அவர் எழுதிக் குடுக்கிற வழமையான நாலு வரிக்கு விடாதீங்க. தாலி கட்டின கோயில், வருசம், எங்க குடியிருந்தது, புள்ளை பிறந்த ஆஸ்பத்திரி, விவாகப் பதிவு இலக்கம், அப்பா மோசம் போன திகதி எல்லாம் வரணும். கோயில்ல தாலி கட்டினதப் பார்த்த ஆக்கள் ஆரும் உயிரோட இருந்தா அவங்கட ஒண்டும் வேற எடுங்க. ஒவ்வொண்டிலயும் மூண்டு மூலப்பிரதி எடுங்க, ஒண்ட ரெஜிஸ்டார் வச்சுக்கொள்ளுவார், ஒண்டு சுவிஸுக்குப் போகும். அப்பாட கையெழுத்து இருக்கிற அந்த இடாப்பு வரிய முன்னுக்கு வையுங்க, விவாகப் பதிவுலயும் அவர்ட கையெழுத்து இருக்கும், ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

அந்தப் பைலுக்குக் கூட்டுறவு உதவி ஆணையாளருக்குப் பதிவுத் தபால்ல ஒரு கடிதம் போடுங்க. வாயால கேட்டா தேடமாட்டாங்க.


ஆரேக்கரை_ஆரையம்பதியான்:

திருத்தம் வந்ததும் மொழிபெயர்ப்பு, மறுகா கொழும்பில வெளிநாட்டு அமைச்சின்ர கொன்சியூலர் பிரிவுல அத்தாட்சி. ஆறு மாசக் கணக்கு சான்றிதழ் எடுத்த திகதியிலருந்து ஓடுது, அதனால திருத்தம் ஏறின கையோட கொப்பிய எடுத்து வச்சிராதீங்க, அண்ணன் அங்க பாசைச் சோதனை பாஸ் பண்ணின பிறகு எடுங்க. அவர எனக்கு உள்பெட்டியில எழுதச் சொல்லுங்க, சனிக்கிழமைகளில நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து இருந்து டொச் (ஜெர்மன்) கதைக்கிற, வந்தா வரட்டும். தமிழ்ல கதைச்சா ரெண்டு பிராங் உண்டியல்ல போடணும், அதுதான் சட்டம்.